நிலத்தாவரங்களின் தோற்றம்

ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முன், நன்னீர்ப் பச்சைப்பாசிகளின் ஒரு கிளையிலிருந்து நிலத்தாவரங்கள் தோன்றின. உலராமல் காக்கும் மெழுகுப்பூச்சும், காற்று புகும் இலைத்துளையும், நீரை மேலேற்றும் லிக்னின் ஏறிய சைலமும் படிப்படியாக அமைந்தன. உணவூட்டத்தில் பூஞ்சைகள் கைகொடுத்தன. ஸ்காட்லாந்தின் ரைனியில் கிடைத்த, சுமார் 40 கோடி ஆண்டுப் பழைய தொல்லுயிர்ப் படிவங்களில், உண்மையான வேர்கள் இல்லாத செடிகளின் திசுக்களுக்குள்ளேயே பூஞ்சை இழைகள் தெரிகின்றன.

பாசி எப்படிக் கரையேறியது என்ற ஆய்வில் சென்னைக்கும் பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகப் பாசியியலாளர் எம்.ஓ.பி. அய்யங்கார் (1886-1963), ஈர வண்டலில் வளரும் ஒரு பச்சைப்பாசியை 1932-இல் விவரித்தார். பிரிட்டிஷ் பாசியியலாளர் எஃப்.இ. ஃபிரிட்ஷின் பெயரால் அதற்கு ஃபிரிட்ஷியெல்லா டியூபரோசா என்று பெயரிட்டார். உருண்டைச் செல்கள் கொத்தாகி மண்ணுக்குள் கிடக்கும். அங்கிருந்து நிறமற்ற வேரிழை கீழே இறங்கும், பச்சை இழைகள் மேலே கிளைக்கும். ஒரு பாசியின் உடலில் கீழ்ப்பகுதி, மேல்பகுதி என்று வேலை பிரிந்திருப்பது வியப்புக்குரியது. நிலத்தாவரங்களின் முன்னோர் இத்தகைய அமைப்புடையவையாக இருந்திருக்கலாம் என்று ஃபிரிட்ஷ் கருதினார்.

டி.என்.ஏ. ஆய்வுகள் வேறு வழியைக் காட்டின. நிலத்தாவரங்களின் நெருங்கிய உறவு, பள்ளிப் பாடத்தில் வரும் ஸ்பைரோகைரா என்ற பாசியின் கூட்டமே. ஃபிரிட்ஷியெல்லா தொலைவான இன்னொரு கிளை. அது தனியாகவே மண்ணுக்குப் பழகியது. அதனால் அய்யங்காரின் கண்டுபிடிப்பு சிறுத்துவிடவில்லை. கரையேறும் முயற்சி ஒருமுறை மட்டும் நடந்ததல்ல என்பதற்கு அதுவே சான்று.

நீருக்கும் நிலத்துக்கும் இடைப்பட்ட வாழ்வை வடசென்னையில் இன்றும் நேரில் பார்க்கலாம். கொடுங்கையூர்த் தாழ்நிலத்தின் காற்றில்லாச் சேற்றில் சம்பு நிற்கிறது. இலையிலும் தண்டிலும் உள்ள காற்றறைகள் வேர்வரை ஆக்சிஜனைக் கடத்துகின்றன. மேட்டில் சீமைக்கருவேலம், வேர்முடிச்சுப் பாக்டீரியாவின் உதவியால் காற்றின் நைட்ரஜனைப் பெறுகிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் வெண்கண்டல் மூச்சுவேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டுகிறது. அதன் இலையை வெயிலில் தடவினால் உப்புத்துகள் விரலில் ஒட்டும். உறிஞ்சிய உப்பை இலைச்சுரப்பிகள் வெளியேற்றுவதால் வருவது அது.

கொடுங்கையூரில் இந்தத் தாழ்நிலத்தின் ஒரு பகுதி பல பத்தாண்டுகளாக மாநகரக் குப்பைமேடாக இருக்கிறது. மிஞ்சிய ஈரநிலத்தைத் தரிசு என்று கணக்கெழுதாமல் காப்பாற்ற வேண்டும்.