பாதிரியார் மனையும் அடைக்கலமும்
ஸ்திராஸ்பர்க் கத்தரீனா ஸெல் அம்மையாரின் பணி

ஐரோப்பாவில் பதினாறாம் நூற்றாண்டில் எழுந்த கிறிஸ்தவ சமயச் சீர்திருத்தத்தை ஆராய்வோர் பெரும்பாலும் கொள்கைப் போர்களையே விரித்துரைப்பர். குருமார் மணம் புரியலாமா என்னும் வழக்கும் அப்போர்களுள் ஒன்றாகவே எண்ணப்படுகிறது. ஆயினும் அம்மணங்களால் தோன்றிய இல்லங்கள், போராலும் பிணியாலும் அலைவுற்ற மக்களுக்கு எவ்வாறு பயன்பட்டன என்பது தனியே ஆராயத்தக்கது. அதற்குச் சிறந்த சான்று கத்தரீனா ஸெல் அம்மையாரின் வாழ்க்கை. அவர் பிறந்து வாழ்ந்த ஸ்திராஸ்பர்க் இன்று பிரான்சு நாட்டைச் சேர்ந்தது. அன்று அது ஜெர்மானியப் பேரரசுக்குட்பட்ட சுதந்திர நகரம்.

மணமும் மறுப்பும்

1139-இல் கூடிய இரண்டாம் லாத்தரன் சங்கம், குருமாரின் மணம் செல்லாது என்று விதித்தது. சட்டம் அவ்வாறிருப்பினும், பெண்களோடு மறைவாகக் குடும்பம் நடத்தி, அதற்காக மேற்றிராணியாருக்குத் தண்டம் செலுத்தி வந்த குருமார் பலர். அப்பெண்களுக்கு மனைவி என்னும் பெயரும் இல்லை. ஊராரின் மதிப்பும் இல்லை.

இந்நிலையில், ஸ்திராஸ்பர்க் பெருங்கோயிலில் குருவாயிருந்த மத்தேயு ஸெல், அந்நகரத் தச்சர் ஒருவரின் மகளான கத்தரீனாவை 1523 டிசம்பர் 3-ஆம் நாள் யாவரும் அறிய மணந்தார். மணத்தை நடத்தி வைத்த மார்ட்டின் பூட்ஸரும் மணம் புரிந்த குருவே. மறு ஆண்டில் இத்தகைய குருமாரை மேற்றிராணியார் சபையினின்று விலக்கினார். ஸெல் பாதிரியாரைப் பற்றி அவதூறுகளும் பரவின. அவற்றுக்கு மறுமொழி எழுதி 1524-இல் அச்சேற்றியவர் அவருடைய மனைவியே. மறைவான உறவுக்குத் தண்டம் பெற்றுப் பொறுத்துக்கொள்ளும் தலைமை, நேர்மையான மணத்தை மட்டும் தண்டிப்பது ஏன் என்பது அவர் தொடுத்த வாதம். தம் மணம் இன்பம் நாடிய செயலன்று, பிறருடைய ஆன்மாக்களின் நலம் கருதிய செயல் என்பதும் அவர் கொள்கை.

வாயிலில் வந்த சோதனை

அக்கூற்று வெறுஞ் சொல்லன்று என்பதை அதே ஆண்டு காட்டியது. ரைன் நதிக்கு அப்பாலுள்ள கென்ட்ஸிங்கன் என்னும் சிற்றூரிலிருந்து சீர்திருத்தப் போதகர் ஒருவர் வெளியேற்றப்பட்டார். அவரை வழியனுப்பச் சென்ற ஆடவர் சுமார் 150 பேர் ஊருக்குத் திரும்ப இயலாதவாறு வாயில்கள் அடைபட்டன. அவர்கள் ஸ்திராஸ்பர்க் வந்து சேர்ந்தபோது, 80 பேருக்கு ஸெல் இல்லமே தங்குமிடமாயிற்று. அதன் பின்னும் ஐம்பது அறுபது பேருக்குப் பல வாரம் அங்கேயே உணவு அளிக்கப்பட்டது. ஊரில் பகைவரிடையே தனித்துவிடப்பட்ட அவர்களுடைய மனைவியரை அம்மையார் மறக்கவில்லை. அவர்களைத் தேற்றி அவர் எழுதிய மடல் 1524-இலேயே அச்சாயிற்று. கணவரைப் பிரிந்த பெண்ணின் துயரைப் பெண்ணொருத்தியே அறிந்து எழுதிய ஆறுதல் அது.

அடுத்த ஆண்டு வந்தது அதனினும் பெரிய இடர். உழவர் கிளர்ச்சி அல்சேஸ் எங்கும் பரவியது. குருமார் சிலர் உழவர் பாசறைக்கே சென்று அமைதியை வற்புறுத்தியும் பயனில்லை. 1525 மே மாதத்தில், ஸாவேர்ன் என்னுமிடத்தில் லொரேன் கோமகனின் படை உழவரை ஆயிரக்கணக்கில் வெட்டி வீழ்த்தியது. விதவைகளும் குழந்தைகளும் வீடிழந்தோருமாக ஏறத்தாழ 3,000 பேர் ஸ்திராஸ்பர்க்கில் புகுந்தனர். நகரின் மக்கள் தொகையோ இருபதாயிரத்துக்குச் சற்று மேற்பட்டதே. ஏழையர் உதவி அதிகாரியான லூக்காஸ் ஹாக்ஃபுர்ட்டும் கத்தரீனா அம்மையாரும் இணைந்து, அவர்களுக்கு உறையுளும் உணவும் தேடித் தந்தனர்.

கணவருக்குப் பின்

அவர் பெற்ற குழந்தைகள் இருவரும் இளமையிலேயே இறந்தனர். 1548 ஜனவரியில் கணவரும் மறைந்தார். அடக்கத்தின்போது கூடியிருந்தோர்க்கு அம்மையாரே எழுந்து பேசினார். பேரரசரின் சமய ஆணையால் பூட்ஸர் 1549-இல் நகரை விட்டு இங்கிலாந்து செல்ல நேர்ந்தது. புறப்படுமுன் அவருக்கு மறைவிடம் அளித்ததும் கைம்பெண்ணாயிருந்த அம்மையாரின் இல்லமே. தொழுநோயால் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டிருந்த முன்னாள் நகரத் தலைவர் ஒருவரை அவர் சென்று கண்டு தேற்றினார். 1558-இல் சங்கீத விளக்க நூலொன்றை அவருக்கே உரிமையாக்கினார்.

இதற்குள் சீர்திருத்தச் சபை அடுத்த தலைமுறையின் கைக்கு மாறியிருந்தது. கோட்பாட்டில் இம்மியும் பிசகலாகாது என்ற புதிய போதகர்கள், எல்லாச் சமயப் பிரிவினரையும் வீட்டில் ஏற்ற அம்மையாரை அமைதி குலைப்பவர் என்றனர். கொள்ளைநோயுற்றோரையும் சிறைப்பட்டோரையும் தாம் கண்டு வந்ததையே அவர் விடையாக எடுத்துக் காட்டினார்.

1562-இல் வேறு பிரிவைச் சார்ந்த ஒரு மாது இறந்தார். அவர் மெய் விசுவாசத்தினின்று வழுவியவர் என்று அறிவித்தாலன்றி அடக்கம் செய்வதில்லை எனப் போதகர்கள் நின்றனர். கணவர் அதற்கு இசையவில்லை. விடியற்காலையில் அடக்கத்தை நடத்தியவர் கத்தரீனா அம்மையார். சில மாதங்களில் அம்மாதின் சகோதரியும் இறந்தபோது, நோயுற்றிருந்த அம்மையாரைப் பிறர் சுமந்து செல்ல, அக்கடனையும் அவர் முடித்தார். அதற்காக அவரைக் கண்டிக்க நகர மன்றம் எண்ணியிருந்தது. அதற்கு முன், 1562 செப்டம்பரில், அவர் காலமானார்.

குருவின் மனைவி என்பது அந்நாளில் வரையறையற்ற புதிய நிலை. சபை அதற்குப் பதவியும் தரவில்லை, ஊதியமும் தரவில்லை. அந்நிலைக்கு ஒரு கடமையை வகுத்துக் கொடுத்தது அவர் திறந்து வைத்த வாயிலே எனலாம்.