பழுதை எங்கே சரிசெய்வது?

ஃபஸ் என்கிற கரகரப்பான கிட்டார் சத்தம் ஒரு பழுதிலிருந்து வந்தது. 1961இல் வெளியான மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொர்ரி’ பாடலை நாஷ்வில்லில் ஒலிப்பதிவு செய்தபோது, கன்சோலில் ஒரு சேனல் கெட்டுப்போய் கிரேடி மார்ட்டினின் பேஸ் கிட்டார் கிழிந்துபோய்க் கேட்டது. அதை அப்படியே விட்டுவிட்டார்கள். பாட்டு ஹிட். ஒலிப்பொறியாளர் கிளென் ஸ்னாடி அதே சத்தத்தை ட்ரான்சிஸ்டர்களால் உண்டாக்கிக் காட்ட, 1962இல் அது மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெடலாகக் கடைக்கு வந்தது.

அதிலேயே ஒரு வால்யூம் குமிழ் இருந்தது. ஃபஸ்ஸைக் கூட்டினால் சத்தமும் எகிறும். காலால் அழுத்தியதும் கிட்டார் மட்டும் பாட்டை விழுங்கிவிடாமல் இருக்க வால்யூம் வேண்டும்.

1966இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் ஃபஸ் ஃபேஸைக் கொண்டுவந்தது. வட்டமான பெட்டி, இரண்டு ஜெர்மானியம் ட்ரான்சிஸ்டர், இரண்டு குமிழ், அவ்வளவுதான். நான் வீட்டில் சால்டர் பண்ணி வைத்திருப்பதும் இந்த சர்க்யூட்தான்.

இதில் வால்யூமுக்கு இருப்பது 500 கிலோ ஓம் பாட். அதை நடுவாக்கில் வைத்தால், பின்னால் வரும் கேபிளுக்கு 125 கிலோ ஓம் வரை தடையாகத் தெரியும். கேபிளோ மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் கெபாசிட்டர் மாதிரி. ஆறு மீட்டர் கேபிள் போட்டால் 2,100 ஹெர்ட்ஸுக்கு மேலே சத்தம் மங்க ஆரம்பிக்கும். அதாவது வால்யூமைக் குறைத்தால் கூர்மையும் சேர்ந்து போய்விடும்.

இதற்கு மருந்துதான் பஃபர். ஒரு ட்ரான்சிஸ்டர், சில ரெசிஸ்டர், இரண்டு கெபாசிட்டர். வந்த சிக்னலைப் பெரிதாக்காமல், நீளமான கேபிளையும் தள்ளிக்கொண்டு போகிற தெம்பை மட்டும் கொடுக்கும். 1970களில் பெடல்களின் வரிசை நீண்டபோது இதன் தேவையும் வளர்ந்தது. பிங்க் ஃபிலாய்டின் டேவிட் கில்மருக்குப் பெடல்போர்டு கட்டிய பீட் கார்னிஷ் பஃபர்களைத் தாராளமாகப் பயன்படுத்தினார். 1977இல் வந்த பாஸ் நிறுவனத்தின் சின்னப் பெடல்களுக்குள்ளேயே பஃபர் இருந்தது.

அப்படியென்றால் எல்லா இடத்திலும் ஒரு பஃபர் போட்டுவிடலாமே? ஃபஸ் ஃபேஸுக்கு முன்னால் மட்டும் வேண்டாம். அதன் உள்நுழைவுத் தடை மிகவும் குறைவு. கிட்டாரின் பிக்கப்பை அது பிடித்து இழுக்கும். பாடப்புத்தகக் கணக்கில் இது குறைபாடு. ஆனால் கிட்டாரிலுள்ள வால்யூமைக் கொஞ்சம் குறைத்தாலே அந்தக் குமிழின் தடை இடையில் புகுந்து, ஃபஸ் கரைந்து கண்ணாடி மாதிரித் தெளிவான சத்தம் வருவதும் இதனால்தான். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இதை நன்றாகவே பயன்படுத்தினார். பாட்டுக்கு நடுவே விரல் நுனியில் கரகரப்பையும் தெளிவையும் மாற்றிக்கொள்ள முடிந்தது. முன்னால் பஃபர் வந்தால் கிட்டாருக்கும் பெடலுக்குமான அந்தப் பிடிப்பு அறுந்துவிடும். குமிழைத் திருப்பினாலும் கரகரப்பு அவ்வளவு எளிதில் விலகாது.

அதனால் என் பெட்டியில் பஃபர் கடைசியில், வால்யூமுக்குப் பின்னால் இருக்கிறது. முன்பக்கத்தில் கிட்டாரின் ஒயர் நேராக ஃபஸ்ஸுக்குள்ளேயே போகிறது. ஒரே சர்க்யூட்டின் இரண்டு முனையிலும் தடை பொருந்தவில்லை என்கிற அதே பிரச்சினைதான். பின்முனையில் அது சத்தத்தைத் தின்கிறது. முன்முனையில் வாசிக்கிறவரின் விரலுக்கு இடம் கொடுக்கிறது.