போடித் தொகுதி வரலாறும் நம் வாக்குரிமையும்

நம் கல்விச் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நம் இளைஞர் அறிந்திருக்க வேண்டிய வரலாறு ஒன்றை இம்மலரில் எழுத விழைகின்றோம். நாட்டின் வரலாற்றைப் பாடநூல்கள் கூறும். நாம் வாழும் தொகுதியின் வரலாற்றை நாமே எழுதிக்கொள்ள வேண்டும். அவ்வரலாறு வென்றவர் பெயர்களின் பட்டியல் மட்டுமன்று; வாக்கே இல்லாதிருந்த நாம் வாக்காளர் ஆன கதையும் அதனுள் அடங்கும்.

நிலமும் மக்களும்

போடிநாயக்கனூர்ச் சட்டமன்றத் தொகுதி பரந்த நாட்டுப்புறத் தொகுதியாகும். மேற்கே ஏலமலை; அதன் அடிவாரத்தில் போடி நகர்; கொட்டகுடி ஆற்றின் நீரை நம்பிய வயல்கள்; தெற்கே பொட்டிபுரம் முதலிய மலையடிவாரச் சிற்றூர்கள். நாயக்கர் காலத்தில் பாளையப்பட்டாக இருந்த போடி, ஆங்கிலேயர் காலத்தில் சமீன் ஆயிற்று. 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் சமீன் முறை ஒழிந்தது.

1928இல் மதுரையிலிருந்து போடிக்குப் புகைவண்டி வந்தது. மலைமேல் விளைந்த ஏலமும் தேயிலையும் இவ்வழியே வெளியுலகு சென்றன. 2010ஆம் ஆண்டின் இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பெற்ற இவ்வண்டி, 2023 சூனில்தான் மீண்டும் போடியை அடைந்தது.

1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் சேர்ந்தன. எல்லை மாறினும் வேலை மாறவில்லை. இன்றும் விடியற்காலையில் நம் பெண்கள் ஜீப்புகளில் ஏறி, மலை கடந்து, ஏலத்தோட்டங்களில் காயெடுத்து, இருட்டிய பின் வீடு திரும்புகின்றனர். வேலை ஒரு மாநிலத்தில், வாக்கு மற்றொரு மாநிலத்தில் என்பது இம்மலையடிவார மக்களின் தனி நிலையாகும்.

வாக்கு வந்த வழி

விடுதலைக்கு முன் சட்டமன்றத்திற்கு வாக்களிக்கும் உரிமை எல்லார்க்கும் இல்லை. நிலவரி, சொத்து, எழுத்தறிவு ஆகியவற்றைக் கொண்டு அவ்வுரிமை அளந்து தரப்பட்டது. நிலமும் கல்வியும் மறுக்கப்பெற்ற மக்களுக்கு அந்த அளவுகோலே ஒரு சுவராய் நின்றது.

இலண்டனில் நடந்த வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் நம் தமிழகத்தின் இரட்டைமலை சீனிவாசனாரும் ஒடுக்கப்பட்டோர்க்காக வாதாடினர். அதன் பயனாக 1932 ஆகஸ்டில் தனி வாக்காளர் தொகுதிகள் அறிவிக்கப்பட்டன. காந்தியடிகளின் உண்ணாநோன்பைத் தொடர்ந்து, அதே ஆண்டு செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தனி வாக்காளர் முறை போயிற்று. ஒதுக்கப்பட்ட இடங்கள் வந்தன. மாகாணங்களில் 71 ஆக இருந்த இடங்கள் 148 ஆயின. அவற்றுள் சென்னை மாகாணத்திற்கு 30. எண்ணிக்கை உயர்ந்தது உண்மை. ஆயினும் நம் பிரதிநிதியை நாமே தனித்துத் தேர்ந்தெடுக்கும் உரிமை அன்றோடு நீங்கியது என்பதும் உண்மை. இவ்விரண்டையும் இளைஞர் சேர்த்தே நினைவிற்கொள்ள வேண்டும்.

குடியரசு மலர்ந்தபின் 1952இல் நடந்த முதற் பொதுத் தேர்தலில் வயது வந்தோர் அனைவரும் வாக்களித்தனர். பண்ணையாருக்கும் ஒரு வாக்கு, பண்ணையாளுக்கும் ஒரு வாக்கு என்பது இம்மண்ணில் அதற்குமுன் கண்டிராத சமத்துவம். 1989 முதல் வாக்குரிமை வயது 21லிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது.

தொகுதி கண்ட தேர்தல்கள்

தொடக்க காலத்தில் இத்தொகுதி காங்கிரசின் கோட்டையாக விளங்கியது. ஏ. எஸ். சுப்பராஜ் அக்கால உறுப்பினருள் ஒருவர். பின்னர் 1980, 1984 தேர்தல்களில் காங்கிரசின் கே. எஸ். எம். இராமச்சந்திரன் வென்றார்.

தேர்தற் களத்தில் பாட்டும் ஒரு படைக்கலம் என்பதைக் காட்டியவர் நம் வட்டாரத்துப் பண்ணைப்புரம் தந்த பாவலர் வரதராசன். 1958இல் மலைக்கு அப்பால் தேவிகுளத்தில் நடந்த இடைத்தேர்தலில், பொதுவுடைமைக் கட்சியின் ரோசம்மா புன்னூசுக்காக அவர் தோட்டத் தொழிலாளரிடையே தமிழில் பாடினார். அம்மையார் வெற்றி பெற்றார்.

1989 சனவரித் தேர்தலில் செல்வி ஜெயலலிதா சேவல் சின்னத்தில் போடியில் நின்று வென்றார். தமிழகச் சட்டமன்றத்தின் முதற் பெண் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். நாடே போடியை நோக்கிய ஆண்டு அது. அதே ஆண்டு செப்டம்பரில் போடி வட்டாரத்தில் சாதிக் கலவரம் மூண்டு உயிர்கள் பறிபோயின. ஒரே ஆண்டில் இரண்டு காரணங்களுக்காக நம் ஊர்ப்பெயர் செய்தித்தாள்களில் ஏறியது. முதற் செய்தியைச் சொல்வோர் பலர். இரண்டாவதை மறவாதிருத்தல் நம் கடமை. வாக்குச்சீட்டில் கிடைத்த சமத்துவம் தெருவிலும் கிணற்றடியிலும் தானே வந்துவிடாது என்பதற்கு அவ்வாண்டே சான்று.

2011, 2016, 2021 ஆகிய மூன்று தேர்தல்களில் ஓ. பன்னீர்செல்வம் இங்கு வென்றார். 2014இலும் 2016இலும் அவர் முதலமைச்சர் பொறுப்பேற்றபோது போடியின் உறுப்பினராக இருந்தார்.

தனித்தொகுதியும் பொதுத்தொகுதியும்

2008ஆம் ஆண்டின் தொகுதிச் சீரமைப்பில் தேனி தொகுதி மறைந்தது. அண்டைத் தொகுதியாகிய பெரியகுளம் பட்டியல் வகுப்பினர்க்கான தனித்தொகுதி ஆயிற்று. 2001, 2006 தேர்தல்களில் பெரியகுளத்தில் வென்றிருந்த பன்னீர்செல்வம் 2011இல் போடிக்கு வந்தது இதன் பின்னரே. 2011இல் பெரியகுளத்தில் மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சியின் ஏ. லாசர் வென்றார்.

தனித்தொகுதி என்றால் என்னவென்று மாணவரை வினவினால், "நம் ஆட்கள் மட்டும் ஓட்டுப் போடும் தொகுதி" என விடையளிப்போர் பலர். அது பிழை. அங்கும் எல்லாச் சமூகத்தாரும் வாக்களிப்பர். வேட்பாளர் மட்டுமே பட்டியல் வகுப்பினர்.

இதனினும் பெரிய பிழை ஒன்றுண்டு. "பெரியகுளம் உங்களுக்கு, போடி எங்களுக்கு" என்னும் பேச்சே அது. சட்டம் அவ்வாறு கூறவில்லை. 1957இல் ஆந்திரத்தின் பார்வதிபுரம் மக்களவைத் தொகுதி ஈருறுப்பினர் தொகுதியாக இருந்தது. ஓரிடம் பழங்குடியினர்க்கு, மற்றது பொது. பொதுவிடத்தையும் பழங்குடி வேட்பாளர் ஒருவரே வென்றார். தோற்றவர் பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான வி. வி. கிரி. அவர் தொடுத்த வழக்கில், பொதுவிடம் எல்லார்க்கும் உரியது, மிகுந்த வாக்குப் பெற்ற பழங்குடியினர் அதனைப் பெறத் தடையில்லை என 1959இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1961இல் ஈருறுப்பினர் தொகுதிகளே ஒழிக்கப்பட்டன. தீர்ப்பின் நெறியோ நிலைத்தது. போடி பொதுத்தொகுதி எனின் அது நம் தொகுதியும் ஆகும். இங்கு வாக்குக் கேட்கவும், வேட்பாளராய் நிற்கவும், வென்று அமரவும் நமக்கு உரிமையுண்டு.

ஊராட்சியில் நம் குரல்

சட்டம் தந்த உரிமையைச் சமூகம் எளிதில் தந்துவிடாது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் பட்டியல் வகுப்பினர்க்கு ஒதுக்கப்பட்டும், 2006 வரை பத்தாண்டுகள் முறையான தேர்தல் அங்கு நடைபெற இயலவில்லை.

பொட்டிபுரத்தின் செய்தியும் கருதத்தக்கது. இவ்வூரின் அருகிலுள்ள அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க, சுமார் 1500 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு மைய அரசு 2015 சனவரியில் ஒப்புதல் அளித்தது. மலை என்னாகும், நீர் என்னாகும் என மக்கள் வினவினர், வழக்குகள் எழுந்தன, 2022இல் தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைத் தெரிவித்தது. திட்டம் நன்றோ தீதோ, அதன் அறிக்கையைப் படித்துப் பொருள் சொல்ல ஊரில் கற்றோர் இருத்தல் வேண்டும். கல்விச் சங்கங்களின் தேவை இங்கேதான் விளங்குகிறது.

இளைஞர்களே! நாம் வேண்டுவன பெரியன அல்ல. சனவரி, ஏப்ரல், சூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாளில் 18 வயது நிறைந்தோர் படிவம் 6 கொடுத்து வாக்காளர் பட்டியலில் சேரலாம். உங்கள் தெருவில் எவர் பெயர் விடுபட்டுள்ளது எனப் பாருங்கள். மலைக்குச் செல்லும் தாய்மாரின் பெயர்களை முதலிற் பாருங்கள். சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடும் கிராமசபைக்குச் சென்று, தீர்மானத்தைப் படித்தபின் கையொப்பமிடுங்கள். பணத்திற்கும் சாராயத்திற்கும் வாக்கை விற்பது, அம்பேத்கரும் சீனிவாசனாரும் வாதாடிப் பெற்றதை விற்பதாகும்.

கற்போம், கற்றதை ஊருக்குச் சொல்வோம், போடித் தொகுதியின் வரும் வரலாற்றில் நம் பெயரையும் எழுதுவோம்.