மாடித் தோட்டத் தக்காளி கோடையில் பூத்தும் காய்க்காதது ஏன்?

டெல்லி மொட்டை மாடிகளில் மே மாதம் வந்தாலே இதே புலம்பல்தான்: "செடி நல்லாத்தான் இருக்கு, பூவும் வருது, ஆனா ஒண்ணுகூட நிக்கல." உரம் போதவில்லை என்று நினைத்துப் பலரும் இன்னும் கொஞ்சம் அள்ளிப் போடுகிறார்கள். பிரச்னை அங்கே இல்லை.

பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழக்கும். கருவுறாத பூ காம்போடு உதிர்ந்துவிடும். டெல்லியில் மே மாதப் பகல் 40 டிகிரியைத் தொடுவது சாதாரணம். பகலில் சூடேறிய கான்கிரீட் தளம் இரவிலும் வெப்பத்தை விடுவதால் மாடியில் நிலைமை இன்னும் மோசம். இதில் தழைச்சத்தைக் கூட்டினால் இலைதான் மண்டும்.

50 சதவீத நிழல்வலை, தொட்டி மண்ணுக்குக் காய்ந்த இலை மூடாக்கு, அதிகாலையில் தண்ணீர். இவை செடியைக் காப்பாற்றும். காய்க்கு உத்தரவாதம் கிடையாது. உண்மையில், வட இந்தியச் சமவெளியில் இந்த வெயிலுக்கு முன்பே காய்த்து முடிய வேண்டிய பயிர் அது.

மே மாதத்துக்கு வெண்டை, சுரை, பீர்க்கன்தான் சரி. சுரையில் முதலில் ஆண் பூக்களே வரும். அவை உதிர்வதைப் பார்த்துப் பதற வேண்டாம். அடியில் குட்டிக் காயோடு இருப்பதுதான் பெண் பூ. சுரைப்பூ மாலையில்தான் விரியும். பூச்சிகள் எட்டிப் பார்க்காத மாடியில், அந்த நேரத்தில் ஆண் பூவைப் பறித்து நாமே தடவிவிடணும்.