மாறனேர் நம்பியின் சரமக்ரியையும் ஜந்மநிரூபண நிஷேதமும்

ஆளவந்தார் திருவடிகளை ஆச்ரயித்த முதலிகளில் மாறனேர் நம்பியின் சரிதம் குருபரம்பரையில் சில வாக்யங்களிலேயே அடங்கிவிடுகிறது. ஆயினும் பிற்கால ரஹஸ்யக்ரந்தங்களில் அது பெற்ற இடம் பெரிது. உலகோர் தாழ்ந்ததென்று எண்ணிய குலத்தில் அவதரித்த இவர், தம் ஆசார்யர் அநுபவித்த நோயை ப்ரஸாதமாக வேண்டிப் பெற்றார். அந்திமதசையில் ஸப்ரஹ்மசாரியான பெரியநம்பியை அழைத்து, தேவர்க்குரிய புரோடாசம் நாய்க்கு இரையாகாதபடி காக்க வேண்டும் என்று ப்ரார்த்தித்தார். ஆசார்ய ஸம்பந்தம் பெற்ற திருமேனியை, அந்த ஸம்பந்தம் அறியாத உறவினர் கையில் விடலாகாது என்பது கருத்து. பெரியநம்பியும் அவ்வண்ணமே ப்ரஹ்மமேத ஸம்ஸ்காரத்தைத் தாமே செய்தருளினார்.

ஊரார் பொறுக்கவில்லை. பெரியநம்பியை விலக்கிவைத்தனர். இங்கு ஒன்று கவனிக்கத்தக்கது. மாறனேர் நம்பி வாழ்ந்த காலத்தில் அவர் ஆளவந்தார் கோஷ்டியில் இருந்தது யாவரும் அறிந்ததே. அவருடைய ஜ்ஞாநத்தையும் பக்தியையும் எட்ட நின்று புகழ எவர்க்கும் தடையிருக்கவில்லை. அவர் திருமேனியைத் தீண்டி, புத்ரன் செய்ய வேண்டிய கடனை ஒருவர் செய்தபோதுதான் கலக்கம் பிறந்தது. தண்டனையும் தீண்டியவர்க்கே வந்தது.

எம்பெருமானார் இதுபற்றி விண்ணப்பிக்க, பெரியநம்பி அருளிய விடை ஸம்ப்ரதாயத்தில் ப்ரஸித்தம். ஜடாயுவுக்குச் சரமக்ரியை செய்த பெருமாளைக் காட்டிலும் தாம் உயர்ந்தவரோ, ஜடாயுவைக் காட்டிலும் நம்பி தாழ்ந்தவரோ என்று கேட்டார். விதுரருக்குச் செய்த தர்மபுத்ரரையும் அவ்வாறே எடுத்துக் காட்டினார். அடியார் பெருமை பேசும் 'பயிலும் சுடரொளி', 'நெடுமாற்கடிமை' என்னும் இரு திருவாய்மொழிகளும் வெறும் கடலோசையோ என்றும் வினவினார். நாள்தோறும் அநுஸந்திப்பது அநுஷ்டாநத்துக்கு வாராதாகில், அந்த அநுஸந்தாநத்துக்குப் பொருள் ஏது என்பதே இவ்விடையின் உயிர்.

பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசநபூஷணத்தில் இவ்விடையை லக்ஷணமாகவே ஆக்கினார். பாகவதாபசாரம் பலவகை, அவர்கள் பிறப்பை ஆராய்வது அதில் ஒன்று. அர்ச்சாவதாரத்தில் இது கல், இது செம்பு என்று நினைப்பதிலும் அது கொடிது என்றார். பிறப்பை ஆராய்ந்து, 'ஆயினும் இவர் உயர்ந்தவர்' என்று முடிவு கூறுபவனுக்கும் இவ்விடத்தில் தப்பில்லை என்பது கருதத்தக்கது. முடிவு எதுவாயினும் ஆராய்ச்சிதானே அபசாரம்.

அவருடைய திருத்தம்பியாரான அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்யஹ்ருதயத்தில் திரட்டிய த்ருஷ்டாந்தங்களை, 1370 முதல் 1443 வரை எழுந்தருளியிருந்த மணவாள மாமுநிகளின் வ்யாக்யாநத்தோடு சேர்த்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலனாகும். விதுரர் திருமாளிகையில் கண்ணன் அமுது செய்தது உணவைப் பற்றியது. பெருமாள், தர்மபுத்ரர் இவர்களோடு பெரியநம்பியையும் ஒரே வாக்யத்தில் சேர்த்தது ஈமக்கடனைப் பற்றியது. நீராடி மீளும்போது எம்பெருமானார் பிள்ளை உறங்காவில்லி தாஸரை ஸ்பர்சித்தது உடலைப் பற்றியது. அந்நத்துக்கும் மனைக்கும் அடியார் ஸம்பந்தத்தாலே சுத்தி கூறியதும் இவ்வகையே. வேற்றுமை கருதி உலகோர் விலகி நிற்கும் இடங்கள் எவையோ, அவற்றையே நாயனார் தேர்ந்தெடுத்தார். நாவால் புகழும் இடத்தை அவர் உதாஹரிக்கவில்லை.

1268இல் அவதரித்த வேதாந்த தேசிகன் ரஹஸ்யத்ரயஸாரத்தின் ப்ரபாவவ்யவஸ்தாதிகாரத்தில், பாகவதர் யாவராயினும் ஆதரிக்கத்தக்கவரே. ஆயினும் ஜாதி வ்யவஸ்தை நீங்குவதில்லை என்று நிர்வஹித்தார். இவ்விரண்டு நிர்வாஹங்களுக்கும் உள்ள பேதம் வித்வத் ஸதஸ்ஸுகளில் நெடுங்காலம் விசாரிக்கப்பட்டது. ஆனால் பிறப்பைக் கொண்டு பாகவதனை இகழலாகாது என்பதில் இருவர்க்கும் பேதமில்லை. அந்தப் பொதுவிடத்தையும் நாட்டு வழக்கம் பல காலம் காக்கவில்லை என்பதை மறைப்பது முன்னோர்க்குச் செய்யும் கௌரவமாகாது. பெரியநம்பியை விலக்கியவர்களும் திருவாய்மொழி ஓதியவர்களே.