பெக்ரன் உலைகளும் எட்டு மணிநேரமும்

தொழிலாளர் இயக்க வரலாறு பற்றி நம்மவர்கள் எழுதும்போது சிக்காகோவில் தொடங்கி பெற்றோகிராட்டில் முடித்துவிடுவது வழக்கம். ஆனால் இலண்டனில் நமது மக்கள் செறிந்து வாழும் ஈஸ்ற்ஹாமுக்குத் தெற்கே, பஸ்ஸில் சென்றுவிடக்கூடிய தூரத்தில், அவ்வரலாற்றின் முக்கியமான ஓர் அத்தியாயம் நிகழ்ந்தது. தேம்ஸ் கரையிலுள்ள பெக்ரனில் 1870இல் இயங்கத் தொடங்கிய வாயு உற்பத்திச்சாலை ஐரோப்பாவின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. குளிர்காலத்தில் நாம் ஒரு பொத்தானை அழுத்திப் பெறும் வெப்பத்திற்குப் பின்னாலுள்ள மனித உழைப்பின் கதையை அங்கிருந்தே தொடங்கவேண்டும்.

அக்காலத்து வாயு நிலத்தடியிலிருந்து வந்ததல்ல. மூடிய கலன்களில் நிலக்கரியைக் காற்றுப்படாமல் சூடாக்கி அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. கலனுக்குள் கரியைத் தள்ளுவதும், வாயு வெளியேறியபின் எஞ்சும் செந்தணலான கற்கரியை இழுத்தெடுப்பதும் உலைத் தொழிலாளியின் வேலை. அது 12 மணிநேர வேலை. பகலும் இரவும் முறை மாறும் ஞாயிறுகளில் 18 மணிநேரம்.

1889 மார்ச்சில் பெக்ரன் உலைத் தொழிலாளியான வில் தோர்ண் வாயுத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார். ஆறு வயதிலேயே வேலைக்கு அனுப்பப்பட்ட அவருக்கு எழுத்து வாசிப்பு சரிவர வராது. அதைக் கற்றுக்கொள்ள உதவியவர் கார்ல் மார்க்ஸின் மகள் எலினோர். சில மாதங்களிலேயே, வேலைநிறுத்தம் செய்யாமலே, எட்டு மணிநேர வேலை முறையைச் சங்கம் வென்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் வெடித்த துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திற்கு இவ்வெற்றி பெரும் உந்துதலாயிற்று. ‘கைத்திறன் அற்றவர்கள்’ என்று ஒதுக்கப்பட்டவர்கள் அமைப்பாகமுடியும் என்பதை இவ்விரண்டும் நிறுவின.

மூலதனத்தின் பதிலும் தாமதிக்கவில்லை. தேம்ஸுக்குத் தெற்கே இயங்கிய வாயு நிறுவனத்தின் தலைவர் ஜோர்ஜ் லிவ்சி இலாபத்தில் பங்கு தருவதாக ஒரு திட்டத்தை முன்வைத்தார். அதில் சேரத் தொழிலாளி 12 மாத ஒப்பந்தமொன்றில் கையொப்பமிட வேண்டும். சங்கத்தை உடைப்பதற்கான பொறி இது என்றுணர்ந்த தொழிலாளர்கள் 1889 டிசம்பரில் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நிறுவனம் வெளியாட்களைக் கொண்டுவந்து உலைகளை இயக்கியது. 1890இன் தொடக்கத்தில் போராட்டம் தோற்றது. ஒரு நதியின் இரு கரைகளிலும் ஒரே ஆண்டில் வெற்றியும் தோல்வியும் நேர்ந்தன. இரு கரையிலும் தொழில்நுட்பம் ஒன்றே. அமைப்பின் பலமே வேறு.

வாயு முதலில் விளக்குக்கே பயன்பட்டது. மின்விளக்கு பரவியபின் அது சமையலுக்கும் அறையைச் சூடாக்கவும் திரும்பியது. 1965இல் வடகடலில் இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட்டது. அதன் வெப்பப் பெறுமானம் பழைய வாயுவைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. ஆகவே பழைய அடுப்புகளில் அதை அப்படியே எரிக்கமுடியாது. 1967 முதல் 1977 வரை ஏறத்தாழ 13 மில்லியன் வாடிக்கையாளர்களின் வீடுகளுக்கும் கடைகளுக்கும் பொருத்துநர்கள் ஒவ்வொன்றாகச் சென்று, சுமார் 40 மில்லியன் உபகரணங்களை மாற்றியமைத்தனர். உலைத் தொழிலாளி மறைந்தார். பொருத்துநர் மையத்துக்கு வந்தார். பெக்ரன் உலைகளும் அக்காலத்திலேயே அணைந்தன.

இம்மாற்றத்தில் எதிர்பாராத நன்மையொன்றும் விளைந்தது. நிலக்கரி வாயுவில் நச்சான காபனோரொட்சைட்டு கலந்திருந்தது. 1963இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிகழ்ந்த தற்கொலைகளில் ஐந்தில் இரண்டு பங்கு வீட்டு வாயுவினால் நிகழ்ந்தவை. 1975 அளவில் அவை ஏறக்குறைய இல்லாமற்போயின. ஆயினும் ஆபத்து முற்றாக நீங்கவில்லை. 1968 மேயில், பெக்ரனுக்கு மேற்கே கானிங் ரவுணில், றோனன் பொயின்ற் என்ற 22 மாடிக் கட்டடத்தின் ஒரு மூலை வாயு வெடிப்பினால் சரிந்து நால்வர் இறந்தனர். அதன்பின் 1970இல் பொருத்துநர்களுக்கான பதிவேடு உருவானது. அதில் பதிவது கட்டாயமானதோ 1991இல்தான். தொழிலாளியின் திறனைச் சட்டம் மதிக்கத் தொடங்கவும் மரணங்கள் தேவைப்பட்டன.

இப்போது வாயுவே விடைபெறும் காலம் பேசப்படுகிறது. 2028இலிருந்து ஆண்டுக்கு 600,000 வெப்ப பம்பிகளைப் பொருத்துவது என்ற இலக்கை பிரித்தானிய அரசு 2020இல் அறிவித்தது. பதிவுபெற்ற வாயுப் பொருத்துநர்கள் ஓர் இலட்சத்துக்கும் மேல். அவர்களிற் பலர் சுயதொழில் செய்பவர்கள். மறுபயிற்சிக்கான நாட்களின் கூலியை யார் தருவது? 1986இல் தனியார்மயமான ஒரு துறையில் இக்கேள்வியைக் கூட்டாகக் கேட்பது எளிதல்ல.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். பிரித்தானியாவின் 1998ஆம் ஆண்டு வேலைநேர விதிகள் வாரத்துக்குச் சராசரி 48 மணிநேரம் என்ற வரம்பை விதிக்கின்றன. ஆனால் தொழிலாளி கையொப்பமிட்டு அந்த வரம்பிலிருந்து விலகிக்கொள்ளலாம். நான் வேலைசெய்யும் தொழிற்சாலையில் முதல்நாளே மற்றப் படிவங்களோடு அந்தப் படிவமும் நீட்டப்படுகிறது. நம்மவர்கள் வாசிக்காமலே கையொப்பமிடுகிறார்கள். ஊருக்கு அனுப்பும் பணம், வீட்டுக்கடன், பிள்ளைகளின் படிப்பு என்று நியாயமான காரணங்கள் இருக்கின்றன. பெக்ரன் தொழிலாளிக்கும் குடும்பம் இருந்தது. ‘சுயவிருப்பம்’ என்ற பெயரில் வாங்கப்படும் கையொப்பத்தின் பொருள் என்ன என்பதை 1889இல் அரைகுறையாக வாசிக்கத் தெரிந்தவர்கள் விளங்கிக்கொண்டார்கள். பட்டங்களோடு வந்த நாம் அதை விவாதத்திற்குக்கூட எடுக்கவில்லை.

புலம்பெயர் அரசியல் என்பது ஊரைப்பற்றிய அரசியல் மட்டுமா, நாம் உழைக்கும் இடத்தைப்பற்றியதும்தானா என்பதே என் கேள்வி. தோர்ண் தொடங்கிய சங்கம் பல இணைப்புகளுக்கூடாக இன்று ஜிஎம்பி என்ற பெயரில் இயங்குகிறது. அதன் கதவு நமக்கு மூடப்பட்டிருக்கவில்லை. மாற்றுக் கருத்துள்ளவர்கள் அடுத்த இதழில் எழுதவேண்டும்.