கூடாரத்துக்கு எட்டாத வாசல்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்புக்குப் போகும்போது இடப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். மலையடியில் கண்மாய்ப் பாசனமும் நெல்வயலும். கிழக்கே சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் கரிசல் காடு. இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிற இந்தப் பகுதி 19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலி ஜில்லாவின் வடகோடி. தெற்கே தேரிக்காட்டுப் பக்கம் ஊருக்கு ஊர் கிறிஸ்தவச் சபைகள் வேரூன்றிய பிறகும் இங்கே அவை மிகக் குறைவாகவே இருந்தன.

1854இல் தாமஸ் ராக்லண்ட் இந்த வட்டாரத்துக்குக் கூடாரங்களோடு வந்தார். கேம்பிரிட்ஜில் படித்தவர், சர்ச் மிஷனரி சங்கத்தின் சென்னைச் செயலாளர் பதவியை விட்டுவிட்டு வந்தவர். டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் இருவரும் உடன் வந்தார்கள். ஓர் ஊரில் சில நாள் தங்குவது, பிரசங்கம் செய்வது, கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவது. தெற்கத்திச் சபைகள் தங்கள் செலவில் உபதேசியார்களை முறைவைத்து அனுப்பின. 1858 அக்டோபரில் ராக்லண்ட் சிவகாசியில் இறந்துபோனார்.

அந்த ஊழியத்தில் பங்குகொண்ட தமிழர்களில் ஒருவர் வில்லியம் தாமஸ் சத்தியநாதன். பாளையங்கோட்டையில் கண்பார்வையற்ற தலைமையாசிரியர் க்ருக்ஷாங்கிடம் படித்து, 1847இல் ஞானஸ்நானம் பெற்றவர். சபைச் சரித்திரங்கள் அவரைப் பற்றி விரிவாகவே பேசுகின்றன. அவர் மனைவி அன்னா அந்தப் பக்கங்களில் பெரும்பாலும் குருவின் மனைவி என்ற பொருளில் ‘ஐயரம்மா’ மட்டும்தான். எனக்கோ அந்தக் குடும்பத்தின் கதையே அன்னாவைச் சுற்றித்தான் சுழல்வதாகத் தோன்றுகிறது.

அன்னா பிறந்தது 1832இல். தந்தை ஜான் தேவசகாயம், 1830இல் குருப்பட்டம் பெற்றவர். தென்னாட்டில் சர்ச் மிஷனரி சங்கத்தின் முதல் இந்தியக் குரு அவர்தான். கடாட்சபுரத்தில் நெடுங்காலம் ஊழியம் செய்தார். பெண் குழந்தைக்கு எழுத்தறிவு எதற்கு என்று பல வீடுகளில் கேட்ட காலத்தில், அந்த வீட்டில் பெண் படிப்பது வழக்கமாகவே இருந்தது. 1849இல் அன்னாவுக்கும் சத்தியநாதனுக்கும் திருமணம் நடந்தது.

ஊர் ஊராய்க் கூடாரம் போட்டு அலைகிற ஊழியத்தில் ஒரு பெரிய குறை உண்டு. கூடாரத்தின் முன்னால் வந்து நிற்பவர்கள் ஆண்கள். வீட்டு வாசலுக்கு அப்பால் அடுப்படியிலும் முற்றத்திலும் இருக்கிற பெண்களிடம் அந்தக் குரல் போய்ச் சேராது. வடதிருநெல்வேலியில் கணவர் செய்த வேலையை உடனிருந்து கண்ட அன்னா, பின்னாளில் சென்னையில் எடுத்துக்கொண்ட வேலை இந்தக் குறைக்கு நேரான பதிலாகவே இருந்தது.

1860களின் தொடக்கத்தில் குடும்பம் சென்னைக்கு மாறியது. சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தில் சத்தியநாதன் குருவானார். அன்னா பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். பிறகு வெளியே வர முடியாத இந்துப் பெண்களை அவர்கள் வீடுகளுக்கே போய்ச் சந்தித்து வாசிப்பும் தையலும் கற்றுக்கொடுத்தார். ஜெனானா ஊழியம் என்று அதற்குப் பெயர். வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் பெயரோடுதான் அது வழக்கமாகப் பேசப்படும். ஆனால் சென்னையில் அந்த வேலைக்கு முதலில் உருவம் கொடுத்தவர்களில் கடாட்சபுரத்திலிருந்து வந்த இந்தத் தமிழ்ப் பெண்ணும் ஒருவர். பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, சபை மக்களின் துக்க சந்தோஷங்களுக்குப் போய்வந்து, அதற்கு மேல் இதையும் செய்தார். பிள்ளை வளர்ப்பு பற்றி ‘நல்ல தாய்’ என்று தமிழில் ஒரு புத்தகமும் எழுதினார். 1878இல் கணவரோடு இங்கிலாந்துக்குப் போய் அங்குள்ள கூட்டங்களில் தம் வேலையைப் பற்றிப் பேசினார்.

அதே ஆண்டு அகமத்நகரிலிருந்து ஒரு பெண் மருத்துவம் படிக்கச் சென்னைக்கு வந்தாள். பெயர் கிருபாபாய், வயது 16. சென்னையில் அவளுக்கு இருப்பிடம் கொடுத்தது சத்தியநாதன் குடும்பம். உடல்நலம் கெட்டதால் படிப்பு நின்றது. 1881இல் அன்னாவின் மகன் சாமுவேலை மணந்து அந்த வீட்டு மருமகளானார். ‘சகுணா’, ‘கமலா’ என்ற அவருடைய இரண்டு ஆங்கில நாவல்களும் இந்தியப் பெண் எழுத்தின் வரலாற்றில் முன்வரிசையில் நிற்பவை. அவர் பெற்ற ஒரே குழந்தை சிசுவிலேயே இறந்தது. 1890இல் அன்னாவும், 1894இல் கிருபாபாயும் போய்விட்டார்கள்.

சாமுவேல் பிறகு மணந்த கமலா, 1901இல் சென்னையிலிருந்து ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ என்ற ஆங்கில இதழைத் தொடங்கினார். எழுத்தாளர் பேகம் ரொக்கையாவின் ‘சுல்தானாவின் கனவு’ கதை 1905இல் முதலில் அச்சேறியது அந்த இதழில்தான். கமலாவின் மகள் பத்மினி சென்குப்தா, தாயின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். பாட்டி அன்னாவை அவர் பார்த்ததே இல்லை.

உபதேசியார்களை அனுப்பிய அந்தத் தெற்கத்திச் சபைகளில் பெயர் தெரியாத பெண்கள் கைக்கொண்ட ஒரு வழக்கத்தையும் இங்கே சொல்லவேண்டும். உலை வைக்கும்போது வீட்டுப் பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அது ஆலயத்துக்குப் போகும். பிடி அரிசிக் காணிக்கை என்பார்கள். வருமானம் கணவர் கையில் இருந்தபோதும் அரிசிப்பானை மனைவி கையில் இருந்தது. ஊழியத்துக்கு அவர்கள் தாங்களே முடிவுசெய்து கொடுத்த பங்கு அது. 1903இல் பாளையங்கோட்டையில் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் மற்றவர்களும் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, வெளிநாட்டுப் பணமில்லாமல் நடத்த முடிவெடுத்தார்கள். அந்தத் துணிவுக்குப் பின்னால் இந்த அடுப்படிகளும் இருந்தன. கணக்கேட்டில் காணிக்கைத் தொகை மட்டும் ஏறும், பிடி அரிசி போட்டவளின் பெயர் ஏறாது.

அன்னாவின் குடும்பத்திலோ பெயர்கள் நின்றன. சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தில் சத்தியநாதனுக்குப் பிறகு மருமகன் கிளார்க் குருவானார். 1974இல் சென்னைப் பேராயரான சுந்தர் கிளார்க் அந்த வழியில் வந்தவர்.